கிறிஸ்டி மூரின் ‘பிராஸ்பரஸ்’: முதல் பாட்டின் முடிவில் வரும் சொல்லில்லா இசை

ஐரிஷ் பாடகர் கிறிஸ்டி மூரின் ‘பிராஸ்பரஸ்’ தொகுப்பில் முதல் பாட்டு முடிந்த பின்னும் சொல்லில்லா இசை நீள்கிறதே, கோப்பு பழுதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோப்பில் பழுதில்லை. ‘ராகிள் டாகிள் ஜிப்சி’ பாட்டு முடிந்ததும் குரல் நின்று கருவியிசை தொடர்வது அந்த இசைத்தொகுப்பின் அமைப்பே.

பின்னால் வருவது வேறொரு பழைய மெட்டு. ‘உன் கையைத் தா’ என்று பொருள்படும் ஐரிஷ் பெயர் கொண்ட அது, ஹார்ப் என்னும் யாழ் போன்ற நரம்புக் கருவியை வாசித்த பார்வையற்ற கலைஞர் ரோரி டால் ஓ கஹான் இயற்றியதாகச் சொல்லப்படுகிறது. பிளேயர் இரண்டு பெயர்களில் முதலாவதை மட்டும் காட்டுவதால்தான் குழப்பம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ‘டார்க் ஐட் செய்லர்’ வந்தால் உங்களிடம் இருப்பது 1972இல் வெளியான ‘பிராஸ்பரஸ்’தான், ‘ஆர்தர் மெக்பிரைட்’ வந்தால், இதே கலைஞர்களில் நால்வர் பிளாங்ஸ்டி என்ற குழுவாக இணைந்து 1973இல் வெளியிட்ட முதல் தொகுப்பு, ஏனெனில் அதுவும் இதே இணைப்புடன்தான் தொடங்குகிறது.

கோப்பை இரண்டாக வெட்ட வேண்டாம். இவர்களில் ஒருவரான லியம் ஓஃப்ளினின் பைப்ஸ் (காற்றுப்பையுள்ள குழல் கருவி) பாட்டிலிருந்து மெட்டுக்குக் கடக்கும் அந்தக் கணம்தான், என் செவிக்கு, தொகுப்பிலேயே மிக அழகான இடம்.

எல்லாமே மரபுப் பாடல்கள் என்று குறித்து வைக்கவும் வேண்டாம்: ‘பிராஸ்பரஸ்’ தொகுப்பில் உள்ள ‘லட்லோ மாசக்கர்’ அமெரிக்கப் பாடகரான வுடி கத்ரி எழுதியது.