இலையில் வண்டு, மண்ணில் புழு: இயற்கை முறைக் கேள்வி பதில்

தோட்டத்து வண்டுகள் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இலையில் நீங்கள் பார்ப்பது வண்டின் கடைசிப் பருவம். முட்டை, புழு, கூட்டுப்புழு என்று மூன்று பருவங்களை இலைக்கு அடியிலோ மண்ணுக்குள்ளோ கழித்துவிட்டுத்தான் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இடம் தெரியாமல் வண்டை மட்டும் துரத்தினால் வாராவாரம் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் பல பதில்களில் மருந்துக்கு முன்னால் இடத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, கத்தரி இலையெல்லாம் பச்சை போய் வலை மாதிரி ஆகிவிட்டது. இலைமேல் புள்ளி போட்ட வண்டுகள் இருக்கின்றன. பொறிவண்டு நல்லது என்று படித்ததால் விட்டுவைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை தம்பி. உங்கள் செடியில் இருப்பது எபிலாக்னா. பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இலை தின்னும் கிளை. வண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியது போல் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகில் மெல்லிய ரோமம் இருப்பதால் மங்கலாகத் தெரியும். கத்தரியில் அதிகம் வருகிற வகைக்கு 28 கறுப்புப் புள்ளிகள்.

அதைவிட நல்ல அடையாளம் புழு. எபிலாக்னாவின் புழு மஞ்சள் நிறம், உடம்பு முழுக்கக் கிளை விட்ட முட்கள், இடத்தைவிட்டு அதிகம் நகராது. அசுவினியை (செடிச் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) தின்னும் பொறிவண்டின் புழு கருத்து, நீண்டு, ஆரஞ்சுப் புள்ளிகளோடு செடி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். இதைத் தெரியாமல் நசுக்குகிறவர்கள் ஏராளம்.

இரண்டு வண்டின் முட்டையும் மஞ்சள்தான், இரண்டும் இலைக்கு அடியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருந்தால் தொடாதீர்கள். இலை சுரண்டப்பட்டிருந்தால் விரலால் தேய்த்துவிடுங்கள். முட்டை பொரிய 3 முதல் 5 நாள்தான் ஆகும். எனவே வாரத்துக்கு இரண்டு முறையாவது இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சின்னத் தோட்டத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. செடிகள் அதிகமென்றால் வேப்பங்கொட்டைச் சாற்றை இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள்.

கேள்வி: அந்தச் சாற்றை எப்படித் தயாரிப்பது? வேப்பெண்ணெய் அடித்தும் மறுநாள் வண்டு உயிரோடுதான் இருந்தது.

பதில்: இருக்கத்தான் செய்யும். வேம்பு விழுந்தவுடன் சாகடிக்கிற மருந்து இல்லை. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போவதைத் தடுக்கும். வளர்ந்த வண்டுக்கு உரிக்கத் தோல் ஏது? அதனால் வண்டைவிடப் புழுவிடம்தான் வேம்பின் வேலை நன்றாகத் தெரியும். மறுநாள் பிணங்களை எண்ணாதீர்கள், புது இலையில் கடி குறைந்திருக்கிறதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

சாற்றுக்கு, ஓடு நீக்கிய பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் ராத்திரி முழுக்க ஊறவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். அப்புறம் கொஞ்சம் சோப்புக் கரைசல். எண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயைத் தண்ணீரில் நேராக ஊற்றினால் மேலேயே மிதக்கும், தெளிப்பானின் கடைசித் துளிகளில்தான் மொத்த எண்ணெயும் வந்து இலையைக் கருக்கும். முதலில் எண்ணெயையும் சோப்பையும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் பால் நிறம் வரும்வரை கலக்கிவிட்டு, பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். வெயில் பட்டால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதையும். எனவே சாயங்காலம் அடியுங்கள், தேனீக்களும் அப்போது பூவில் இருக்காது. கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: பூண்டு, மிளகாய் அரைத்துத் தெளித்தால்?

பதில்: ஓரிரு நாள் விலகி நிற்கும், அவ்வளவே. முதலில் ஒரே ஒரு இலையில் அடித்துப் பாருங்கள். முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பூசணியும் வெள்ளரியும் முளைத்து இரண்டு இலை விடுவதற்குள் சிவப்பு வண்டு வந்து சல்லடை ஆக்கிவிடுகிறது ஐயா. மூன்றாவது தடவையாக விதைத்திருக்கிறேன்.

பதில்: பூசணி வண்டு அடிப்பது செடி வித்திலையில் (விதையிலிருந்து முதலில் விரியும் இரண்டு இலையில்) இருக்கும்போதுதான். நாலைந்து நிஜ இலை விட்ட கொடி ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆகவே அந்தச் சில வாரங்களைக் கடத்துவதுதான் வேலை. நாற்றைத் தொட்டியில் பாதுகாப்பாக வளர்த்து, கொஞ்சம் பெரிதானதும் நடுங்கள். அல்லது விதைத்த அன்றே பூச்சிவலை போட்டு, ஓரத்தை மண்ணால் மூடுங்கள். பூ வந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ வராது, காய் பிடிக்காது.

வலை போடுகிறவர்கள் கோட்டைவிடுவது ஒன்றில்தான். இந்த வண்டு முட்டையிடுவது செடியடியில் ஈர மண்ணுக்குள். புழு வேரைத் தின்று அங்கேயே கூட்டுப்புழுவாகும். போன முறை பூசணி இருந்த இடத்திலேயே வலை போட்டால், உள்ளே முளைத்து வரும் வண்டுக்கு நீங்களே காவல் போட்ட மாதிரி ஆகும். இடத்தை மாற்றுங்கள். பழைய கொடியை அங்கேயே காயவிடாமல் அகற்றி, மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்டி வெயில் படவிடுங்கள். புழுக்கள் மேலே வந்தால் மீதியைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.

இருக்கிற வண்டுகளுக்கு விடிகாலையில் போங்கள். குளிரில் அவை மந்தமாக இருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றிய அகலமான டப்பாவை இலைக்கு நேர் கீழே பிடித்துக்கொண்டு, மேலிருந்து இலையை ஒரு தட்டு. ஆபத்து என்றால் பிடியை விட்டுக் கீழே விழுவது பல வண்டுகளின் பழக்கம், நேராகத் தண்ணீரில் விழும். சோப்பு இல்லாவிட்டால் மிதந்து ஏறிவிடும். வெயில் ஏறிய பிறகு போனால் பறந்துவிடும், உங்களுக்குக் கோபம்தான் மிஞ்சும். பனி ஈரம் இருக்கும்போது சலித்த விறகுச் சாம்பலைத் தூவுவதும் உதவும். மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். அளவு மீறினால் மண்ணின் காரத்தன்மை கூடும்.

கேள்வி: தண்ணீர் விட்டும் ரோஜா வாடுகிறது. இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிட்டது. தொட்டி மண்ணில் வெள்ளையாக, வளைந்து கிடக்கும் பெரிய புழுக்கள்.

பதில்: வேர்ப்புழு, அதாவது வேரைத் தின்னும் வண்டுப் புழு. தொட்டி என்பதால் தப்பித்தீர்கள். மண்ணை முழுக்க ஒரு விரிப்பில் கொட்டிக் கையாலேயே பொறுக்குங்கள். செடியில் கொஞ்சம் வேர் மிச்சமிருந்தால் கிளைகளைக் குறைத்து வெட்டிப் புது மண்ணில் வையுங்கள்.

தரையில் வந்திருந்தால் உயிருள்ள பூச்சிக்கொல்லிகள் இரண்டு உண்டு. ஒன்று மெட்டாரைசியம் என்ற பூஞ்சை. புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் கொல்லும், கொஞ்ச நாளில் செத்த புழுமேல் பச்சைப் பொடி பூத்திருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் தூக்கிப் போடாதீர்கள், அங்கேயே புதையுங்கள். இந்தப் பூஞ்சையை நன்றாக மக்கிய உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் மண்ணில் சேர்க்க வேண்டும். பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்தால் இதுவும் செத்துவிடும்.

இன்னொன்று, பூச்சியைக் கொல்லும் நூற்புழுக்கள். ஹெட்டிரோராப்டிடிஸ் வகை புழுவுக்குள் நுழைந்து, தான் சுமந்து வரும் பாக்டீரியாவை அங்கே விடும். இரண்டு மூன்று நாளில் புழு செங்கல் நிறமாகிச் சாகும். இவை மண்ணிலுள்ள நீர்ப்படலத்தில் நீந்திப் போகிறவை. ஆகவே சாயங்காலம், ஈர மண்ணில் விட்டு, இரண்டு வாரமாவது ஈரத்தைக் காப்பாற்றுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் உரத்தைப் பாருங்கள். அரைகுறையாக மக்கிய சாணம் தாய் வண்டை முட்டையிடக் கூப்பிடும். நீண்ட வறட்சிக்குப் பின் முதல் மழை பெய்ததும் பல வகை வேர்ப்புழு வண்டுகள் அந்தியில் கூட்டமாக மண்ணைவிட்டு வெளியே வரும். அந்தச் சில நாட்கள் மட்டும் விளக்குப் பொறி வையுங்கள். வருடம் முழுக்க எரியவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் வந்து சாகும்.

கேள்வி: உரக்குழியில் இருக்கும் வெள்ளைப் புழுக்களையும் கொல்ல வேண்டுமா?

பதில்: ஒன்றை எடுத்துச் சமதளத்தில் விடுங்கள். முதுகைத் தரையில் வைத்து, கால்கள் மேலே இருக்க நகர்ந்து போனால் அது பூவண்டின் புழு. மக்கியதைத்தான் தின்னும், உரத்துக்கு நல்லது. திரும்பக் குழியிலேயே போடுங்கள். (வளர்ந்த வண்டு பூவைக் கொஞ்சம் கடிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.) முதுகால் போகாமல் பக்கவாட்டில் வளைந்தே கிடந்தால் வேறு வகை. தென்னையோ பனையோ அருகில் இருந்தால் காண்டாமிருக வண்டாகவும் இருக்கலாம். அதைப் பொறுக்கி எடுத்துவிட்டு, குழியில் மெட்டாரைசியம் கலந்துவிடுங்கள்.

கேள்வி: பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா இயற்கை மருந்துதானே? அடித்தேன், ஒரு வண்டுகூடச் சாகவில்லை.

பதில்: நீங்கள் அடித்தது பெரும்பாலும் குர்ஸ்டாகி ரகமாக இருக்கும். அது பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு. வண்டு வகைக்கு டெனிப்ரியோனிஸ், கேலரியே என்று தனி ரகங்கள் உண்டு, டெனிப்ரியோனிஸும் இளம் புழுவிடம்தான் நன்றாக எடுபடும். டப்பாவில் ரகத்தின் பெயரைப் படியுங்கள்.

கேள்வி: ஜப்பானிய வண்டுக்கு வாசனைப் பொறி மாட்டினோம். பை நிறைய விழுகிறது, ஆனால் செடியிலும் கூடிவிட்டதே?

பதில்: பொறி வேலை செய்கிறது, அதுதான் சிக்கல். வாசனைக்கு வருகிற எல்லாமே பைக்குள் விழாது. மீதி, வழியில் உள்ள உங்கள் செடியில் இறங்கும். 1916-இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதிலிருந்து இந்த வண்டோடு அங்கே போராடுகிறார்கள். தோட்டத்துக்குள் பொறி வைப்பதைவிட, காலையில் தட்டி விழவைப்பது மேல். கடிபட்ட இலையின் வாசனை இன்னும் வண்டுகளைக் கூப்பிடும் என்பதால் முதலில் வருகிறவற்றை உடனே எடுப்பது முக்கியம்.

கேள்வி: செம்பருத்திப் பூவைக் கறுப்பும் ஆரஞ்சும் பட்டை போட்ட வண்டு தின்கிறது. அக்கா அதைக் கையால் எடுக்கலாமா? அவருக்குத்தான் சந்தேகம்.

பதில்: வெறுங்கையால் வேண்டவே வேண்டாம். அது கொப்புள வண்டு. நசுங்கினால் வரும் திரவத்தில் காந்தாரிடின் இருக்கிறது, தோலில் பட்டால் சில மணி நேரத்தில் கொப்புளம் கிளம்பும். கையுறை போட்டுக்கொண்டு, அதே சோப்புத் தண்ணீர் டப்பாவில் தட்டிவிடச் சொல்லுங்கள். பட்டுவிட்டால் கண்ணைத் தொடாமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இவற்றில் பலவற்றின் புழுக்கள் மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டையைத் தின்று வளர்கின்றன. அதனால் பூவில் இருப்பதை எடுத்தால் போதும், வேலியோரப் புல்லில் இருப்பதைத் தேடிப் போக வேண்டாம்.