கணினியில் சிக்கிய மீட்டரைக் கைக்கு மீட்பது எப்படி?

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் பழைய ஹெச்பி 3478ஏ மல்டிமீட்டர் ஒன்று உள்ளது. கணினியுடன் இணைத்தே பயன்படுத்தி வந்தோம். இனி கையால் இயக்க விரும்புகிறோம். ஆனால் திரையில் ‘ஆர்எம்டி’ என்ற எழுத்து எரிகிறது, பொத்தான்கள் வேலை செய்யவில்லை. பின்பக்கம் குட்டிச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன. இவற்றில் எதை மாற்ற வேண்டும்? மூடியைத் திறக்க வேண்டுமா? கடைசி இலக்கங்கள் ஓயாமல் துள்ளுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: முதலில் ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள். நீங்கள் தேடும் சுவிட்சு உள்ளேயும் இல்லை, பின்னாலும் இல்லை.

‘ஆர்எம்டி’ என்பது ‘ரிமோட்’ என்பதன் சுருக்கம்: மீட்டர் கணினியின் பிடியில் இருக்கிறது. அதற்குக் காரணம், அளவுக்கருவியைக் கணினியுடன் இணைக்கும் ஜிபிஐபி கேபிளில் உள்ள ஒரே ஒரு கம்பி. 24 முள் இணைப்பியில் 17ஆவது முள் அது. கணினி அந்தக் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு மீட்டரை அதன் முகவரியால் அழைத்தவுடன், கட்டுப்பாடு கணினிக்குப் போய்விடுகிறது. சாதாரணமாக முன்பக்கத்தில் உள்ள ‘லோக்கல்’ பொத்தானை அழுத்தினால் திரும்பிவிடும். அப்படியும் திரும்பவில்லை என்றால், யாரோ எழுதிய நிரல் அந்தப் பொத்தானையே பூட்டும் கட்டளையை அனுப்பியிருக்கிறது. மாணவர்கள் தற்செயலாகக் கை வைத்துவிடக் கூடாது என்று எழுதியவர் நினைத்திருப்பார். அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றி, மறுபடி இயக்குங்கள். கம்பியை இழுத்துப் பிடிக்க ஆளில்லாததால் மீட்டர் கைக்கட்டுப்பாட்டில்தான் விழிக்கும். அதன் பிறகும் பொத்தான்கள் அசையவில்லை என்றால் பழுது பொத்தான் பலகையில். சுவிட்சுகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, பின்பக்கச் சுவிட்சுகள் எதற்கு? ஐந்து சுவிட்சுகள் முகவரிக்கு. அவற்றின் மதிப்புகள் 1, 2, 4, 8, 16. மேலேற்றியவற்றைக் கூட்டினால் முகவரி கிடைக்கும்: 23 வேண்டுமென்றால் 16, 4, 2, 1. ஐந்தையும் ஏற்றினால் வரும் 31 ஓர் உண்மையான முகவரி அல்ல. இந்த மீட்டரில் அது ‘பேசுவது மட்டும்’ என்ற நிலை. கணினி இல்லாமலேயே அளவீடுகளைக் கேபிள் வழியே நேராக அச்சுப்பொறிக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். கையால் அளந்து, அளந்ததைப் பதிவும் செய்ய அந்தக் காலத்தில் இருந்த அழகான குறுக்குவழி. இன்று அச்சுப்பொறிதான் கிடைக்காது.

துள்ளும் இலக்கங்களுக்கு வருகிறேன். இது அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மீட்டராக இருக்கலாம். பின்பக்கச் சுவிட்சுகளில் ஒன்று, மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்சா 60 ஹெர்ட்சா என்று தேர்ந்தெடுப்பது. மின்கம்பியிலிருந்து வரும் இரைச்சலை வடிகட்ட, மீட்டர் ஒரு முழுச் சுழற்சிக்கு அளந்து சராசரி எடுக்கிறது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்சில் அது 16.67 மில்லிவினாடி, நம் 50 ஹெர்ட்சில் 20 மில்லிவினாடி. தவறான பக்கத்தில் இருந்தால் சுழற்சி முடியுமுன்பே கணக்கு மூடப்படும். மிச்ச இரைச்சல் கடைசி இலக்கங்களில் ஆடும். பெரும்பாலும் உங்கள் சிக்கல் இதுவாகவே இருக்கும். மாற்றும்போது மீட்டர் அணைந்திருக்கட்டும். இயக்கத்தைத் தொடங்கும்போதுதான் இப்படிப்பட்ட அமைப்புகள் படிக்கப்படும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மாற்றுமுன் வரிசையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘எந்தப் பக்கம் இருந்தது?’ என்று பிறகு தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.

இனி, தொடவே கூடாத ஒன்று. முன்பக்கத்தில் ஸ்குரூ டிரைவரால் திருப்பும் சிறு துளை ஒன்று இருக்கும். அளவீட்டுத் திருத்தங்களை (காலிபரேஷன்) மாற்ற அனுமதிக்கும் சுவிட்சு அது. அருகில் துல்லியமான ஒப்பீட்டுக் கருவி இல்லாதவர் அதைத் திருப்பி வைப்பது, பூட்டிய கணக்குப் புத்தகத்தைப் பென்சிலோடு திறந்து வைப்பதைப் போன்றது. அந்தத் திருத்தங்கள் உள்ளே ஒரு லித்தியம் மின்கலத்தின் துணையில்தான் நினைவில் நிற்கின்றன. மூடியைத் திறக்க வேண்டாம் என்றதற்கு இதுவே முதன்மைக் காரணம். மீட்டர் அணைந்திருக்கும்போது மின்கலத்தின் இணைப்பு அறுந்தால் திருத்தங்கள் போய்விடக்கூடும். பிறகு அளவீட்டுத் திருத்த ஆய்வகத்துக்கு அனுப்பி முழுமையாகத் திருத்தி வாங்க வேண்டியிருக்கும். ஆகவே கணினி இணைப்பை நீக்குமுன், அதே கேபிளின் வழியே அந்த நினைவகத்தைப் படித்து ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள்.