அம்மானிடம் ஐந்தொகை கேட்கலாமா?

கேள்வி: அப்பச்சி (அப்பா) தவறி இரண்டு வருடம் ஆகிறது. பதிவு செய்த உயிலில், ஆத்தாவின் (அம்மாவின்) தம்பியை, அதாவது எங்கள் அம்மானை, உயிலை நடத்திவைக்கும் நிறைவேற்றுநராகப் போட்டிருந்தார்கள். பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில் அப்பச்சி பங்கு, சாமான்கள், வங்கி டெபாசிட் எல்லாம் எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. டெபாசிட்டுக்கு அம்மான்தான் நாமினி. பணத்தை வாங்கித் தன் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். போன மாதம் முன்னோர் படைப்புக்குப் போனபோது, இரண்டாங்கட்டில் தேக்கு நிலைக்கதவு இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது. கேட்டால், "என்னிடமே கணக்குக் கேட்கிறாயா?" என்கிறார்கள். புரொபேட் (உயிலுக்கு நீதிமன்றம் தரும் சான்று) வாங்கவில்லை. ஆத்தா என்னுடன் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: கேட்கலாம் ஆச்சி, கேட்கத்தான் வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் செட்டிநாட்டாரின் வட்டிக்கடை பார்த்த ஏஜெண்டுகள், சொந்தக்காரர்களாகவே இருந்தாலும், ஊரிலிருந்த முதலாளிக்கு ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) அனுப்பினார்கள். அது அந்தத் தொழிலின் ஒழுங்கு. உங்கள் அம்மானும் இப்போது அடுத்தவர் சொத்தைப் பார்க்கிறவர்தான்.

முதலில் டெபாசிட். நாமினி என்பவர் பணத்தை வாங்கி, உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர். வங்கி அவரிடம் கொடுத்ததில் தவறில்லை. அதனால் பணம் அவருடையது ஆகிவிடாது. அடக்கச் செலவு, அப்பச்சியின் கடன் இரண்டையும் கழிக்க அவருக்கு உரிமை உண்டு. சொத்தைப் பிரிக்க இந்திய வாரிசுரிமைச் சட்டம் (1925) ஒரு வருடம் அவகாசமும் தருகிறது. அது தாண்டிவிட்டது.

உங்கள் பக்கத்துச் சொத்துகளுக்கு புரொபேட் கட்டாயமில்லை. வாங்கியிருந்தால் ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்தில் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுத்திருக்க வேண்டும். வாங்காததால் பொறுப்பு போய்விடாது. சொத்தை வீணடித்தால் அந்த நஷ்டத்தை அவரே ஈடுகட்ட வேண்டும்.

அந்தக் கதவு விஷயம்தான் என் மனதை அறுக்கிறது. பலகை அடித்த இடத்தை இன்றே தேதியோடு படம் எடுங்கள். பழைய கல்யாண ஆல்பத்தில் அந்தக் கதவு தெரிகிறதா பாருங்கள். வாசலில் நின்று எடுத்த படம் ஏதாவது நிச்சயம் இருக்கும். பொதுக்கட்டுக் கதவானால் பங்காளிகளுக்கும் அதில் உரிமை உண்டு, அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், பலரும் விட்டுவிடுகிற ஒன்று: ஆத்தாவின் சீர்ச்சாமான் அப்பச்சியின் உயிலுக்குள் வராது. அது ஆத்தாவின் சொந்தச் சொத்து. கல்யாணத்தின்போது எழுதிய சாமான் பட்டியலைத் தேடி எடுத்து, பித்தளை அண்டா முதல் வெள்ளிக் குத்துவிளக்கு வரை ஒவ்வொன்றாக ஆத்தாவிடமே கேட்டு, இருப்பது எது, காணாதது எது என்று குறியுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் உயிலின் சான்றிட்ட நகலும் வில்லங்கச் சான்றும் வாங்குங்கள். பிறகு, தம்பியும் நீங்களும் சேர்ந்து பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் அம்மானுக்கு ஒரு கடிதம். கோபம் வேண்டாம். "அப்பச்சி தவறிய நாளன்று இருந்த சொத்து, அதன் பின் வந்த வரவு, செய்த செலவு, கையிருப்பு, விற்ற பொருளின் விலை ஆகியவற்றை முப்பது நாளில் ரசீதுகளுடன் தர வேண்டுகிறோம்" என்று எழுதினால் போதும். காகிதத்தில் கேட்டதும் பாதிப் பேர் கணக்கை எடுத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால், கணக்குக் கேட்டு சிவில் வழக்கும், மேற்கொண்டு எதையும் விற்காதபடி இடைக்காலத் தடை மனுவும் போடுங்கள். நிறைவேற்றுநரை நீக்கி வேறொருவரை நியமிக்க அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 301-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கு அது மதுரைக் கிளை. பங்கு கேட்டு வழக்குப் போட 12 வருட அவகாசம் இருக்கிறது. ஆனால் விற்றுப்போன கதவு திரும்பி வராது, அதனால் தடை மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். போலீஸ் புகாரை மட்டும் கடைசிக்கு வையுங்கள். புகார் கொடுத்துவிட்டால் பேசித் தீர்க்கும் வழி அடைபடும், அந்த வயதில் ஆத்தாவுக்குத் தம்பி உறவும் அறுந்துபோகும்.

ஒன்று கவனம். கடிதம் கிடைத்ததும் அம்மான் ஒரு தொகையோடு வீட்டுக்கு வரலாம். வாங்கிக்கொள்ளுங்கள், "கணக்கில் ஒரு பகுதியாக" என்று எழுதிக் கொடுங்கள். "முழுப் பங்கும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில், கணக்கைப் பார்க்காமல், ஆத்தாவே சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.