கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி யார்?

பிள்ளையார்பட்டியில் 1927-இல் சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவர். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியை நெடுங்காலம் முதல்வராக வழிநடத்தினார். சென்னை வள்ளுவர் கோட்டமும் அவர் கைவண்ணமே.

ஆனால் அவர் மேதைமையை முழுதாகக் காட்டுவது கன்னியாகுமரிச் சிலைதான் என்பேன். மொத்த உயரம் 133 அடி, குறளின் அதிகாரங்கள் அத்தனை. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடி பீடம். மற்ற இரு பால்களுக்கும் 95 அடி உருவம். அறத்தின் மேல்தானே பொருளும் இன்பமும் நிற்க வேண்டும்! கடல் நடுவே, இவ்வளவு கனமான கல்லில், இடையை ஒசித்து நிற்கவைத்த துணிவை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். 2004 ஆழிப்பேரலையிலும் அசையவில்லை.

2009-இல் பத்மபூஷண் பெற்றார், 2011-இல் மறைந்தார்.