பொதிகைக்கு ஒரு சூரியன் போதும்

கணினியில் நிலக்காட்சி செய்யும் வாசகர்களின் கேள்விகளுக்கு, பாளையங்கோட்டையில் இருபது வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்திவிட்டு இப்போது பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மலையும் வயலும் செய்துகொண்டிருக்கும் நம் அண்ணாச்சி பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, பொதிகை மலை, அடியில் வயல், சாயங்கால நேரம் என்று ஒரு படம் செய்தேன். வானத்தைச் சரியாக வைத்தால் வயல் கரியாகிறது. வயலுக்காக நாலு லைட் வைத்தேன். கொலுப்படி மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பு?
— வாசகர், அம்பாசமுத்திரம்

முதலில் அந்த நாலு லைட்டையும் அழித்துவிடுங்கள் தம்பி. உங்கள் படத்தில் வெளிச்சம் குறையவில்லை, நேரம்தான் தப்பு.

உங்கள் ஊருக்கு மலை மேற்கே. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால், நாம் பார்க்கும் பக்கம் முழுக்க நிழல். மலை அடிவானத்துக்கு மேலே நாலைந்து டிகிரி எழுந்து நின்றாலே, காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமனத்துக்குக் கால் மணி நேரம் முன்பே வயலில் வெயில் போய்விடும். வானம் மட்டும் வெளுப்பாக நிற்கும். நீங்கள் செய்த கரி வயல்தான் உண்மை. அதைக் கெடுத்தது அந்த நாலு லைட்.

மலையின் மடிப்பும் பாறையும் தெரியவேண்டுமென்றால் காலை நேரத்துக்குப் போங்கள். ஏழு, ஏழரை மணி வெயில், சூரிய உயரம் 10 முதல் 15 டிகிரி. மார்கழியாக வைத்தால் இன்னும் நல்லது. அப்போது சூரியன் தென்கிழக்கில் எழுவதால் வெயில் மலைமேல் சாய்வாக விழுந்து ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியே காட்டும்.

இல்லை, சாயங்காலம்தான் வேண்டுமா? அப்படியென்றால் வயலில் தண்ணீர் கட்டுங்கள். போன ஐப்பசியில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வரப்பில் நின்றேன். பிசானப் பருவ நெல் நடவு முடிந்த நேரம். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது, வரப்பும் தென்னையும் கறுத்துவிட்டன. ஆனால் நாற்றுக்கு நடுவே கட்டியிருந்த தண்ணீர் வானத்தின் செம்மஞ்சளை அப்படியே வாங்கி வைத்திருந்தது. ஒவ்வொரு நாற்றும் அந்தத் தண்ணீரில் ஒரு கறுப்பு ஊசி. நின்று பார்த்தபோது அவ்வளவாகத் தெரியவில்லை. வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்ததும் வயல் முழுக்கப் பளீரென்று ஆகிவிட்டது. நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் நூற்றுக்கு இரண்டு பங்கு ஒளியைத்தான் திருப்பும். பார்வை தாழத் தாழ அது கண்ணாடியாகிவிடும். கேமராவை இடுப்பு உயரத்துக்குக் கீழே இறக்குங்கள். முன்புறத்துக்கு வேண்டிய வெளிச்சம் வானத்திலிருந்தே வந்துவிடும்.

வானம் சட்டென்று வெள்ளையாக வெட்டுப்படுகிறதென்றால் நிறத்தைத் திரைக்கு மாற்றித் தரும் கலர் மேனேஜ்மென்டில் 'ஸ்டாண்டர்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். 2017இல் பிளெண்டரின் 2.79 பதிப்பில் 'ஃபில்மிக்' வந்தது. 2023இல் வந்த 4.0 முதல் 'ஏஜிஎக்ஸ்' தானாகவே இருக்கும். இரண்டுமே வெளிச்சம் ஏற ஏற நிறத்தை மெதுவாக வெளுக்கவிடும், ஃபிலிம் செய்ததைப் போல.

இன்னொன்று. யூடியூபில் பாடம் நடத்துபவர்களில் பலர் வடக்கே வெகுதூரத்தில் இருப்பவர்கள். மார்ச் மாதம் லண்டனில் சூரியன் கடைசி ஆறு டிகிரி இறங்க நாற்பது நிமிஷம் ஆகும். நம் ஊரில் இருபத்தைந்தே நிமிஷம், ஏறக்குறைய செங்குத்தாக இறங்கிவிடும். அவர்களுடைய நீண்ட பொன்வெயிலைப் பொதிகை மேல் அப்பாதீர்கள்.

எக்ஸ்போஷரைக் கூட்டுவதும் சூரியனின் பலத்தைக் கூட்டுவதும் ஒன்றுதானே?
— வாசகி, மேலப்பாளையம்

இல்லை அம்மா. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஸ்டூடியோ காலத்து லைட் மீட்டர் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். குறுக்குத்துறைப் படித்துறையில் காலை பத்து மணி வெயிலில், ஃபிலிமின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் விநாடியில் 125இல் ஒரு பங்கு என்று வைத்தால் அது லென்ஸ் திறப்பை எஃப் 16 என்று காட்டும். நாலு எட்டு நகர்ந்து திறந்த நிழலில் பிடித்தால் 5.6. அதாவது மூன்று ஸ்டாப் (வெளிச்சப் படி). ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு என்பதால் வெயில் நிழலைவிட எட்டு மடங்கு. அந்த எட்டில் ஏழு பங்கு சூரியனுடையது, ஒரு பங்கு வானத்துடையது.

எக்ஸ்போஷர் என்பது முழுப் படத்தின் வெளிச்ச அளவு. அதைக் கூட்டினால் ஏழும் ஒன்றும் சேர்ந்து ஏறும், விகிதம் மாறாது. சூரியனின் பலத்தை மட்டும் நாலு மடங்காக்கினால் வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள தூரம் முப்பது மடங்குக்குப் போய்விடும். நிழலில் மை கொட்டிய மாதிரி ஆகும். நிலாவில் எடுத்த படம் அப்படித்தான் இருக்கும், அங்கே காற்று இல்லை. தாமிரபரணிக் கரையில் காற்று இருக்கிறது.

சூரியனையும் வானத்தையும் தனித்தனியாக வைத்துக் கஷ்டப்படாமல் பிளெண்டரே வானத்தைச் செய்து தரும் 'ஸ்கை டெக்ஸ்சர்' எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் வந்த 2.90 முதல் அதிலேயே சூரியனும் உண்டு, விகிதத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். முதலில் படம் வெளுத்துத்தான் வரும். பயப்படாமல் எக்ஸ்போஷரை மூன்று நாலு ஸ்டாப் இறக்குங்கள்.

தேரிக்காட்டுப் பனைகளைச் செய்தேன். மண் சிவப்பாக வருகிறது, பனை மட்டும் ஒட்டவைத்தது போல நிற்கிறது. அடியில் ஒரு சிவப்பு லைட் வைக்கலாமா?
— வாசகர், திசையன்விளை

வேண்டாம். அந்தச் சிவப்பை மண்ணே கொடுக்கும், அதற்கு வழி விடுங்கள். ரெண்டர் (கணினி படத்தைக் கணக்கிட்டு வரைவது) சீக்கிரம் முடியட்டும் என்று, ஒளி எத்தனை முறை பட்டுத் தெறிக்கலாம் என்று சொல்லும் லைட் பாத்ஸில் 'டிஃப்யூஸ்' எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கியிருப்பீர்கள். பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் அது இயல்பாக 4 இருக்கும், அப்படியே விடுங்கள். வெயில் மண்ணில் பட்டு, மண்ணிலிருந்து எழும்பிப் பனையின் அடிமரத்தில் படும்போதுதான் இரண்டும் ஒரே இடத்தில் நிற்பவையாகத் தெரியும். மத்தியானத்தில் வடலி ஓலையைக் குனிந்து அடியிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? மேல்பக்கம் வானத்து வெளுப்பு, அடிப்பக்கம் செம்பு நிறம்.

மண்ணின் நிறத்தையும் கவனியுங்கள். கண்ணுக்கு ரத்தச் சிவப்பாகத் தோன்றுவதால் சிவப்பை முழு அளவான 1 என்று வைத்துவிடுகிறோம். தேரி மண்ணுக்கு நிறம் தருவது மணலைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடு. அது ஒளியைத் திருப்புவதைவிட விழுங்குவதே அதிகம். சிவப்பு 0.45, பச்சை 0.2, நீலம் 0.1க்குள் என்று தொடங்கிப் பாருங்கள்.

உச்சி வெயில் படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும்?
— மாணவர், நாங்குநேரி

மாதத்தைப் பொறுத்தது. நாம் ஏறக்குறைய 8.7 டிகிரி வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், பனையின் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே.

காற்றாலைகளுக்குப் பின்னால் மகேந்திரகிரி மலையைச் செய்தேன். தூரமே தெரியவில்லை, அட்டையில் வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது. மூடுபனி போட்டும் பலனில்லை.
— வாசகர், பணகுடி

மலையை எத்தனை மீட்டர் உயரமாகச் செய்தீர்கள்? நிஜ மலை 1,600 மீட்டருக்கு மேல். நீங்கள் வசதிக்காக 16 மீட்டரில் செய்திருந்தால் காற்றுக்கு வேலையே இல்லை. காற்றில் ஒளியைச் சிதறவைக்கும் 'வால்யூம் ஸ்கேட்டர்' அடர்த்தியை 0.0001 என்று வைத்தால், 10 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வரும் ஒளியில் நூற்றுக்கு 37 பங்குதான் மிஞ்சும். மலை நீலத்தில் கரையும். அதே அடர்த்தியில் 100 மீட்டர் தூரத்துக்கு 99 பங்கு மிஞ்சும், ஒன்றும் தெரியாது. முதலில் மலையை நிஜ அளவுக்குப் பெரிதாக்கி நிஜத் தூரத்தில் தள்ளி வையுங்கள். ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் மலை வீட்டுக்குப் பின்னால் வந்து நிற்குமே, அந்த நாளுக்கு அடர்த்தியைப் பாதியாக்குங்கள். மாசி வெயிலுக்கு இரட்டிப்பாக்குங்கள்.

திரையில் அழகாக இருக்கும் படம் பிரின்டில் இருட்டடிக்கிறதே?
— வாசகி, தென்காசி

எனக்கும் நடந்தது. ஒரு கண்காட்சிக்கு மூன்றடி அகலத்தில் போட்டேன். மலையடிவாரம் முழுக்க ஒரே கறுப்பு. பிரின்ட் போட்டவரிடம் கோபப்பட்டுவிட்டு வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால், இருட்டு அறையில் மானிட்டர் முழு வெளிச்சத்தில் எரிகிறது. மறுநாள் போய் அவரிடம் வருத்தம் சொன்னேன்.

ஜன்னலோரம் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு, திரையின் வெள்ளை அந்தத் தாளோடு ஒத்துப்போகிறவரை மானிட்டரைக் குறையுங்கள். கலர் மேனேஜ்மென்டின் வியூ டிரான்ஸ்ஃபார்மில், வெளிச்ச அளவை நிறமாகக் காட்டும் 'ஃபால்ஸ் கலர்' வைத்து, முக்கியமான இடம் சாம்பலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நீலமாக இருந்தால் பிரின்டில் அது முங்கிவிடும். அன்று நான் ஜேபெக்காக மட்டும் சேமித்திருந்ததால் பத்தொன்பது மணி நேர ரெண்டரை மறுபடி ஓட்டவேண்டி வந்தது. வெளிச்ச விவரம் முழுதையும் காக்கும் ஓபன் ஈஎக்ஸ்ஆராகச் சேமித்தால் அடிவாரத்தை ஒரு ஸ்டாப் தூக்க ஒரு நிமிஷம் போதும். பெரிதாகப் போடுவதற்கு முன் அந்த அடிவாரத்தை மட்டும் ஆறு அங்குலத் துண்டாகப் போட்டு வாங்கி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.