வெளியே பெரிய வண்டி, உள்ளே எவ்வளவு இடம்?

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நடுத்தர எஸ்யூவி பற்றித்தான். கம்பம், போடி, செங்கோட்டை என்று கேட்டவர்கள் எல்லோரும் மலை ஏறி இறங்குகிறவர்கள், அதனால் மலையை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

அண்ணே, அப்பா, அம்மா, நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர். கிரெட்டா போதுமா? (கம்பம்)

ஆறு பேர் என்று ஆன பிறகு கிரெட்டா பேச்சே வேண்டாம் தம்பி. பெல்ட் ஐந்துதான், ஆறாவது ஆள் மடியில்தான் உட்கார வேண்டும். குமுளி ஏற்றத்தில் ஒரு தடவை பிரேக் அழுத்தினால் மடியில் இருக்கும் பிள்ளையை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. ஏழு சீட் எர்டிகாவைப் பாருங்கள். அது 4435 மில்லிமீட்டர் நீளம், கிரெட்டா 4330. வெளியே 105தான் வித்தியாசம், ஆனால் வீல்பேஸ் 2740, கிரெட்டாவில் 2610. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் கிடைக்கும் அந்தக் கூடுதல் 130 மில்லிமீட்டர்தான் மூன்றாவது வரிசையில் காலை வைக்க வழி பண்ணுகிறது. கேரன்ஸில் இன்னும் அதிகம், 2780. எஸ்யூவி மாதிரி இல்லையே என்று பசங்க முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216. சின்னப் பெட்டி இரண்டு வைத்தால் முடிந்தது, மிச்சம் மேலே கேரியரில். அப்புறம், மூன்றாவது வரிசை பின் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் கொண்டை ஊசி வளைவில் அங்கேதான் ஆட்டம் அதிகம், வாந்தி எடுக்கிற பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள்.

டிக்கி 433 லிட்டர், 458 லிட்டர் என்கிறார்கள், ஏலக்காய் மூட்டை எத்தனை போகும்? (போடி)

லிட்டரை வைத்து மூட்டைக் கணக்குப் போட முடியாது சார். 200க்கு 100க்கு 50 மில்லிமீட்டர் அளவில், ஒன்று ஒரு லிட்டர் வருகிற கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுவது இதற்கு ஒரு முறை. கட்டை மூலை முடுக்கெல்லாம் நுழைந்துவிடும், உங்கள் மூட்டை நுழையாது. ஷோரூமுக்கு டேப் கொண்டு போங்கள். டிக்கி வாயின் அடிப்பக்க அகலம், உள்ளே இரண்டு சக்கர மேட்டுக்கும் நடுவே உள்ள அகலம், தரையிலிருந்து வாய் எவ்வளவு உயரம், இந்த மூன்றையும் அளந்தால் போதும். சேல்ஸ் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பரவாயில்லை. ஒரே வண்டியிலேயே லிட்டர் மாறும்: கிராண்ட் விட்டாராவில் சாதாரண பெட்ரோலுக்கு 373 லிட்டர், பெட்ரோலோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஸ்ட்ராங் ஹைப்ரிடில் 265. டிக்கி தரைக்கு அடியில் பேட்டரி உட்கார்ந்துகொள்வதால் வந்த குறைவு அது. நீங்கள் சொன்ன 433 கிரெட்டா, 458 எலிவேட். குடும்பத்தோடு கொஞ்சம் சரக்கும் என்றால் எலிவேட் சரி. முழுச் சரக்குக்கு உங்கள் ஊரில் ஜீப்புக்கா பஞ்சம்?

தெரு குறுகல், கேட் ஏழு அடி. ஹாரியர் நுழையுமா? (செங்கோட்டை)

ஏழு அடி என்றால் 2134 மில்லிமீட்டர். ஹாரியர் அகலம் 1922, அதுவும் பக்கக் கண்ணாடி சேராத கணக்கு. இரண்டு பக்கமும் கையகலம்தான் மிஞ்சும். கண்ணாடியை மடக்கினால் நுழையும், ஆனால் தினமும் காலையில் பால்காரர் சைக்கிளை ஓரங்கட்டச் சொல்லி இதைச் செய்வீர்களா? உள்ளே நிறுத்திய பிறகு கதவு திறக்க இடம் வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கிரெட்டா 1790, குஷாக் 1760. உங்களுக்கு இந்த வகைதான்.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு அண்ணா, பின் சீட் எதில் வசதி? (குமுளி)

பெயர் சொல்வதை விட எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள். பின் கதவைத் திறந்து பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். சீட் விளிம்பு அவர் முட்டிக்குச் சற்று மேலே, இடுப்புக்குக் கீழே இருந்தால், முதுகைக் காட்டி உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். முட்டிக்குக் கீழே போனால் விழுகிற மாதிரி உட்காரணும், எழும்போதும் வலி. ஸ்கார்பியோ-என் (Scorpio-N) மாதிரி உயரமான வண்டியில் படி ஏறணும், அது அவருக்கு ஆகாது. முதலில் ஓட்டுகிறவருக்கு ஏற்ற மாதிரி முன் சீட்டை வைத்துவிட்டு அப்புறம்தான் பின்னால் உட்காரச் சொல்லணும். முன் சீட்டை முழுசாகக் கீழே இறக்கியிருந்தால் பாதம் அடியில் நுழையாது, முட்டி மடங்கியே இருக்கும். கடைசியாக, தொடைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போனால் தொடைக்குத் தாங்கல் இல்லை என்று அர்த்தம், லோயர் கேம்ப் இறங்குவதற்குள் கால் கடுத்துவிடும். வீட்டில் உயரமான ஆள் இருந்தால் பெரிய சன்ரூஃப் உள்ள வேரியண்டில் தலை இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

டைகுன் வீல்பேஸ் 2651, கிரெட்டாவை விட அதிகம். பின்னாலும் இடம் அதிகமா? (கூடலூர்)

கால் நீட்ட நல்ல இடம், இரண்டு பேருக்கு. அகலம் 1760தான், நடுவில் தரை மேடாக இருக்கும், மூன்றாவது ஆள் திட்டுவார்.

நாலு மீட்டருக்குள் வாங்கினால் ரொம்ப நெருக்கடியா இருக்குமா? (தென்காசி)

இருக்கணும் என்று கட்டாயமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் 1200 சிசி வரை பெட்ரோல், 1500 சிசி வரை டீசல் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. நாலு மீட்டருக்குள் வரி குறைவு என்பது முன்பிருந்தே இருப்பதால்தான் நெக்ஸான், வென்யூ எல்லாம் 3995 மில்லிமீட்டரில் நின்றுகொள்கின்றன. ஆனால் அதே வரம்புக்குள் இருக்கும் எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 2600 வீல்பேஸ் வைத்திருக்கிறது, கிராண்ட் விட்டாராவுக்கும் அதே 2600தான். உட்காருகிற இடத்தை விட்டுவைத்து, வெட்டியது டிக்கியை. நாலு பேர் சேர்ந்து குற்றாலம், ஆரியங்காவு என்று போய்வர இது தாராளம். பின் சீட் பிரிந்து மடிகிற வேரியண்ட்தானா என்று மட்டும் புக் பண்ணும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், கீழ் வேரியண்ட்களில் சிலவற்றில் முழு சீட்டாகத்தான் மடியும்.