இன்றைய தேதியோடு மாதங்களைக் கூட்டுவது எப்படி?

எக்செல்லில் 6 மாதம் கழித்து வரும் தேதிக்கு 180 நாளைக் கூட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. 6 மாதம் என்பது 181 முதல் 184 நாள் வரை வரும்.

தேதியோடு மாதங்களைக் கூட்டித் தரும் ஈடேட் (EDATE) ஃபார்முலாவைப் பயன்படுத்துங்கள். முதலில் தொடக்கத் தேதி, அப்புறம் மாத எண்ணிக்கை, அவ்வளவுதான். விடை ஐந்து இலக்க எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம், செல் ஃபார்மட்டைத் தேதிக்கு மாற்றுங்கள். தொடக்கத் தேதிக்கு, அன்றைய தேதியைத் தரும் டுடே (TODAY) ஃபங்ஷனைப் போட்டால் விடை தினமும் நகரும். கடன் தவணைக்கு என்றால் தேதியைக் கையால் அடித்துவிடுவதே நல்லது.

சரி, ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால்? ஈடேட் பிப்ரவரி 28 என்று சொல்லும், லீப் ஆண்டில் 29. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் மாதத்தை மட்டும் ஒன்று கூட்டினால் மார்ச் 3-க்கு (லீப் ஆண்டில் 2-க்கு) தாவிவிடும்! இன்னொரு சிக்கல்: அந்த பிப்ரவரி 28-ஐ வைத்து மேலும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28தான் வரும். ஜனவரி 31-உடன் நேராக 2 மாதம் கூட்டினால் மார்ச் 31. அதனால் தவணை அட்டவணை போடும்போது ஒவ்வொரு வரியையும் முதல் தேதியிலிருந்தே கணக்கிடுங்கள், முந்தைய வரியிலிருந்து வேண்டாம்.